புள்ளியியல் கல்வியும் கணினி விரிதாளும்

எண்கள் ஆட்சி செய்யும் காலம் இது. அரசின் வரவு செலவுத் திட்டம் எண்களால் பேசுகிறது. மருத்துவர் நோயை எண்களால் அளக்கிறார். வானிலை அறிவிப்பும் தேர்தல் கணிப்பும் விலைவாசிக் குறியீட்டெண்ணும் நாள்தோறும் நம் இல்லம் தேடி வருகின்றன. இவ்வெண்களைத் தொகுத்தும் வகுத்தும் பொருள் காணும் கலையே புள்ளியியல். கணிதம் பயில்வோர் மட்டுமன்றி வணிகவியல், பொருளியல், உளவியல், உயிரியல் பயிலும் மாணவரும் இக்கலையை ஒரு பாடமாகக் கற்கின்றனர். கற்றுத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆயினும், பட்டம் பெற்று வெளியேறிய பின்னர், செய்தித்தாளில் காணும் ஒரு சராசரியை ஐயுற்று நோக்கும் ஆற்றல் அவர்களுள் எத்துணைப் பேருக்கு வாய்த்துள்ளது என்று வினவினால், மனநிறைவு தரும் விடை கிடைப்பது அரிது.

இக்குறையைப் போக்கும் கருவியொன்று நம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. கணினியில் இயங்கும் விரிதாளே அது. பல்கலைக்கழக மாணவர்க்குப் புள்ளியியல் கற்பிக்கும் முதற்கருவியாக விரிதாள் அமைதல் வேண்டும் என்பது என் துணிபு. ஆனால், அதனை விடை சொல்லும் பெட்டியாகக் கையாண்டால் பயன் விளையாது. தீங்கு விளைதலும் கூடும். மாணவன் தன் கையாலேயே கணக்கைக் கட்டவும், கட்டியதைக் கலைத்துப் பார்க்கவும், வந்த விடையை ஐயுறவும் கற்பிக்கும் களமாக அது அமைய வேண்டும். இக்கருத்தை ஈண்டுச் சில சான்றுகளால் விளக்க விழைகிறேன்.

கரும்பலகையில் பிறந்த கருவி

விரிதாள் என்பது கட்டங்கள் நிறைந்த ஒரு தாள். கிடைவரிசையும் நெடுவரிசையும் கூடும் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணையோ ஒரு சொல்லையோ ஒரு வாய்பாட்டையோ எழுதலாம். ஒரு கட்டத்தின் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த கட்டங்கள் யாவும் அந்நொடியே தம்மைத் திருத்திக்கொள்ளும். இதுவே விரிதாளின் உயிர்நிலை.

இக்கருவிக்கான எண்ணம் ஒரு வகுப்பறையில் உதித்தது என்பது பலர் அறியாத செய்தி. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்பவர் மாணவராக இருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் ஓர் அட்டவணையை எழுதுவார். இடையில் ஓர் எண் பிழைபட்டுவிட்டால், அதனைத் தொடர்ந்து வரும் எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கும். ‘தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கரும்பலகை ஒன்று இருப்பின் எவ்வளவு நலமாயிருக்கும்’ என்னும் நினைவு அவருக்கு எழுந்தது. பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்னும் மென்பொருள், 1979-இல் ஆப்பிள் கணினிக்காக வெளிவந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3 தோன்றியது. 1985-இல் மெக்கின்டாஷ் கணினியிலும் 1987-இல் விண்டோஸிலும் எக்செல் அடியெடுத்து வைத்தது. இன்று லிப்ரே ஆஃபிஸ் கால்க் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. கைபேசியிலும் விரிதாள் விரிகிறது.

வகுப்பறையில் பிறந்த இக்கருவி வணிகர்தம் கணக்கறைக்குச் சென்று பெரும்புகழ் ஈட்டியது. அது மீண்டும் வகுப்பறைக்கு வருவதைத் தாய்வீடு திரும்புதல் என்றே சொல்லலாம்.

கைக்கணக்கின் பயனும் எல்லையும்

தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடும் பழக்கத்தை இழித்துரைத்தல் என் நோக்கமன்று. ஐந்து எண்களின் கூட்டுச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் தன் கையால் ஒருமுறையேனும் கண்டறியாத மாணவன், அச்சொற்களின் பொருளை உணர்ந்தவன் ஆகான். விலக்கங்களை ஏன் வர்க்கப்படுத்துகிறோம், அவற்றை அப்படியே கூட்டினால் ஏன் சுழி வருகிறது என்பன கை அறிந்தால்தான் மனம் அறியும்.

ஆயினும் கைக்கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. பத்து அல்லது பன்னிரண்டு எண்களுக்கு மேல் அது தாங்காது. ஆதலால் பாடநூலார், விடை முழு எண்ணாக வருமாறு எண்களைப் புனைந்து தருகின்றனர். வாழ்க்கை தரும் எண்களோ அவ்வாறு பணிந்து வருவனவல்ல. மேலும், ஒரு மணி நேர வகுப்பில் பெரும்பகுதி பெருக்கலிலும் வகுத்தலிலும் கழிய, ‘இவ்விடை எதை உணர்த்துகிறது?’ என்னும் வினாவுக்கு இடமே இல்லாது போகிறது. தேர்வும் படிகளுக்கே மதிப்பெண் தருவதால், மாணவன் படிகளை மனப்பாடம் செய்கிறான். பொருளை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறான்.

பொருளின்றிக் கணக்கிடுவதால் வரும் கேட்டை 1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியல் அறிஞர் நான்கு சிறு அட்டவணைகளால் உணர்த்தினார். ஒவ்வோர் அட்டவணையிலும் பதினொரு சோடி எண்கள். நான்கிலும் முதல் மாறியின் சராசரி 9. இரண்டாம் மாறியின் சராசரி 7.50, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.82, பொருந்தும் நேர்க்கோடும் ஒன்றே. கைக்கணக்கு இட்டவன் நான்கும் ஒரே தன்மையன என்றுதான் முடிவு செய்வான். புள்ளிகளைப் படமாக வரைந்தாலோ, ஒன்று நேர்க்கோட்டை ஒட்டிச் சிதறியிருக்கிறது; ஒன்று வில்லாக வளைகிறது; ஒன்றில் ஒரே ஒரு புள்ளி விலகி நின்று கோட்டைத் தன்பால் இழுக்கிறது; மற்றொன்றில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக நிற்க, பதினோராம் புள்ளி ஒன்றே கோட்டை உண்டாக்குகிறது. விரிதாளில் இந்நான்கு படங்களையும் வரைவதற்குச் சில நிமிடங்கள் போதும். எண்ணை நம்புமுன் படத்தைப் பார்க்க வேண்டும் என்னும் பாடத்தை மாணவன் தன் வாழ்நாளில் மறவான்.

கட்டம் கட்டமாகக் கற்றல்

விரிதாளை எவ்வாறு தொடங்குவது? ஆயத்தச் சார்பு ஒன்றைத் தேடி எடுத்து விடையைப் பெறுவது தொடக்கமாகாது. 40, 45, 50, 55, 60 என்னும் ஐந்து மதிப்பெண்களை ஒரு நெடுவரிசையில் மாணவன் எழுதட்டும். அடுத்த நெடுவரிசையில் சராசரியாகிய 50-லிருந்து விலக்கங்களை வாய்பாடாக அமைக்கட்டும். மூன்றாவதில் அவற்றின் வர்க்கங்கள் வரட்டும். வர்க்கங்களின் கூடுதல் 250. அதனை 5-ஆல் வகுத்தால் 50. வர்க்கமூலம் ஏறத்தாழ 7.07. அதனையே 4-ஆல் வகுத்தால் 62.5, வர்க்கமூலம் ஏறத்தாழ 7.91.

இதன் பின்னரே விரிதாளின் ஆயத்தச் சார்புகளை அவன் அழைக்க வேண்டும். அங்கே திட்ட விலக்கத்துக்கு இரண்டு சார்புகள் இருப்பதைக் காண்பான். ஒன்று 7.07 என்கிறது, மற்றொன்று 7.91 என்கிறது. முழுமைத் தொகுதிக்கு ஒன்று, அதிலிருந்து எடுத்த கூறுக்கு மற்றொன்று. தன் கையிலிருக்கும் ஐந்து மதிப்பெண்கள் வகுப்பு முழுவதுமா, வகுப்பிலிருந்து எடுத்த ஒரு கூறா என்பதைக் கணினி அறியாது, மாணவன்தான் அறிவான். எந்தப் பொத்தானை அழுத்துவது என்னும் வினா, புள்ளியியலின் அடிப்படை வினாவாக மாறும் இடம் இது.

இனி, கடைசி எண்ணாகிய 60-ஐக் கைதவறி 600 என்று அடித்துவிட்டதாகக் கொள்வோம். சராசரி 50-லிருந்து 158-க்குத் தாவுகிறது. இடைநிலை அளவோ 50-லேயே அசையாது நிற்கிறது. சராசரி ஒரு முரட்டு எண்ணுக்கு வளைந்து கொடுக்கும், இடைநிலை எளிதில் வளையாது என்று பாடநூல் ஒரு வரியில் சொல்வதை, மாணவன் கண்ணெதிரே காண்கிறான். எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்து, எவ்வெண் எதனை அசைக்கிறது என்று தானே கண்டறிகிறான்.

மற்றொரு சிறு சோதனையும் உண்டு. நால்வர் எழுத வேண்டிய தேர்வில் மூவர் 40, 50, 60 பெற்றனர்; ஒருவர் வரவில்லை. வராதவர்க்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டால் விரிதாள் சராசரி 50 என்கிறது. அதே கட்டத்தில் சுழியை இட்டால் 37.5 என்கிறது. இரண்டும் பிழையற்ற கணக்குகளே. ஆனால் ‘எழுதியவர்களின் தரம் என்ன?’ என்று கேட்டால் முதல் விடை பொருந்தும், இரண்டாவது பொருந்தாது. இன்மையும் சுழியும் ஒன்றல்ல என்னும் இந்நுட்பத்தை ஒரு வெற்றுக் கட்டம் விளக்கிவிடுகிறது.

நாணயமும் பகடையும்

நிகழ்தகவைக் கற்பிப்பதில் விரிதாள் செய்யும் உதவி இதனினும் பெரிது. இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுப்புக் காவலில் இருந்த ஜான் கெர்ரிச் என்னும் கணித அறிஞர், பொழுதைப் பயனுறக் கழிக்க ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்து வைத்தார். தலை விழுந்தது 5,067 முறை. சரிபாதியிலிருந்து 67 விலகல். இது வியப்புக்குரியதா? கொள்கைப்படி இச்சோதனையின் திட்ட விலக்கம் 50. ஆகவே 67 என்பது இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கியதே.

அவ்வறிஞர் அரும்பாடுபட்டுச் செய்த சோதனையை, வாய்ப்பு எண்களைத் தரும் ஒரு சார்பைக் கொண்டு மாணவன் நொடிப்பொழுதில் செய்து பார்க்கலாம். ஒரு விசையை அழுத்தி மீண்டும் மீண்டும் செய்யலாம். ஒவ்வொரு முறையும் தலையின் எண்ணிக்கை மாறும். ஆனால் அம்மாற்றத்துக்கும் ஓர் ஒழுங்கு இருப்பதை அவன் காண்பான். வாய்ப்பு என்பது ஒழுங்கின்மை என்று எண்ணியிருந்தவனுக்கு இது புதிய கண் திறப்பதாகும்.

கூறெடுப்புப் பரவல் என்பது மாணவர் பலரைத் திகைக்கச் செய்யும் கருத்து. 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் டி-பரவலை உலகுக்கு அளித்த வில்லியம் காசெட், கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணியாற்றியவர். அவர் 3,000 குற்றவாளிகளின் உடல் அளவுகளைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, நான்கு நான்காக 750 கூறுகள் எடுத்துத் தம் கொள்கையைச் சோதித்தார். இன்று அதே வேலையை நம் மாணவன் பகடையைக் கொண்டு விரிதாளில் செய்யலாம். நான்கு பகடைகளின் சராசரியை ஐந்நூறு முறை கண்டு படம் வரையட்டும். பின் பதினாறு பகடைகளின் சராசரியை அவ்வாறே வரையட்டும். இரண்டும் 3.5-ஐ நடுவாகக் கொண்டு குவியும். முதலாவதன் திட்ட விலக்கம் 0.85 அளவிலும் இரண்டாவதன் திட்ட விலக்கம் 0.43 அளவிலும் அமையும். கூறின் அளவு நான்கு மடங்கானால் பிழை பாதியாகும் என்னும் வர்க்கமூல விதியை அவன் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. தானே கண்டெடுத்த பொருளாக அதனைப் போற்றுவான்.

நம் கைக்கெட்டும் எண்கள்

அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2005-இல் ஏற்றுக்கொண்டு 2016-இல் திருத்திய கல்லூரி வழிகாட்டு நெறிகளில், கருத்துணர்வுக்கு முதலிடம் தருக, மெய்யான தரவுகளைப் பயன்படுத்துக, கருத்துகளை ஆராயத் தொழில்நுட்பத்தைக் கைக்கொள்க என்பன இடம்பெற்றுள்ளன. மெய்யான தரவுகளுக்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. மாவட்டங்களின் எழுத்தறிவு விழுக்காடுகளை ஒரு நெடுவரிசையில் எழுதி மாணவன் நேரடிச் சராசரி காணட்டும். அது மாநில விழுக்காட்டுடன் அப்படியே பொருந்த வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. காரணம் என்ன? 46 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த சென்னையும், ஆறு இலட்சத்துக்கும் குறைவானோர் வாழ்ந்த பெரம்பலூரும் நேரடிச் சராசரியில் சம உரிமை பெறுகின்றன. மக்கள் எண்ணிக்கையை நிறையாகக் கொள்ளும்போதுதான் உண்மை வெளிப்படும். நிறையிட்ட கூட்டுச் சராசரி என்பதை இதனினும் எளிதாக விளக்குதல் இயலாது.

தமிழ்த்துறை மலரில் புள்ளியியலுக்கு என்ன வேலை என்று எண்ணுவோர்க்கும் ஒரு சான்று காட்டுவேன். அகநானூற்றில் 400 பாடல்கள். 13 அடி முதல் 31 அடி வரை நீள்வன. தொகுத்தோர் ஒரு முறை வகுத்தனர். ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை; 2, 8 என முடிவன குறிஞ்சி; 4 என முடிவன முல்லை; 6 என முடிவன மருதம்; பத்து, இருபது என முடிவன நெய்தல். இந்நூலின் பாடல் எண், திணை, அடியளவு ஆகியவற்றை மூன்று நெடுவரிசைகளில் பதிவு செய்தால், நமக்கே உரிய ஒரு தரவுத் தொகுதி கிடைத்துவிடும்.

இப்பொழுது 40 பாடல்கள் கொண்ட ஒரு கூறு வேண்டும் எனக் கொள்வோம். பத்தாவது பாடலில் தொடங்கிப் பத்துக்கொன்றாக ஒரு மாணவன் எடுக்கிறான். முறைசார்ந்த கூறெடுப்பு என்று பாடநூல் கூறும் வழிதான் அது. ஆனால் அவன் கையில் வருவன நாற்பதும் நெய்தற் பாடல்கள்! அகநானூறு முழுவதும் கடற்கரையைப் பாடும் நூல் என்று அவன் முடிவு கட்டினால் யாரை நோவது? உண்மையில் நூலின் சரிபாதியாகிய 200 பாடல்கள் பாலைக்குரியன. பட்டியலுக்குள் மறைந்து கிடக்கும் ஒழுங்கு, கூறெடுப்பவனை ஏமாற்றிவிடும். விரிதாளின் வாய்ப்பு எண்களால் நாற்பது பாடல்களைத் தேர்ந்தால், ஐந்திணையும் ஏறத்தாழத் தத்தம் அளவில் வந்து நிற்கும். தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டில் எழும் இதே இடரை நம் பழந்தமிழ் நூலொன்றைக் கொண்டு விளக்க முடிகிறது. எண்ணையும் எழுத்தையும் இணைத்துப் போற்றிய மொழி இது அன்றோ!

கருவி காலை வாரும் இடங்கள்

இனி நாணயத்தின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். விரிதாள் பிழையை உரக்கச் சொல்லாது. தவறான கட்டத்தைச் சுட்டினாலும் அது முகம் கோணாமல் ஓர் எண்ணைத் தந்துவிடும்.

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2010-இல் அரசுக் கடனைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைக் கடந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி –0.1 விழுக்காடு என்று அவ்வுரை கூறிற்று. சிக்கன நடவடிக்கைகளை வற்புறுத்திய அரசியலார் பலர் அதனை மேற்கோள் காட்டினர். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், ஒரு வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கை மீண்டும் செய்து பார்க்க முனைந்தார். மூல விரிதாளைப் பெற்று நோக்கியபோது, சராசரிக்கான வாய்பாடு ஐந்து நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டிருந்தது தெரியவந்தது. அத்துடன் சில ஆண்டுகளின் தரவு விடுபட்டமையும், நிறையிட்ட முறையும் ஐயத்துக்கு உள்ளாயின. மாணவரும் அவர்தம் ஆசிரியர் இருவரும் கண்ட திருத்திய விடை 2.2 விழுக்காடு. விரிதாள் பிழையை அறிஞர் இருவரும் ஒப்புக்கொண்டனர். பிற கருத்துகளை மறுத்தனர். வழக்கு எவ்வாறாயினும், உலகம் கவனித்த ஒரு கணக்கின் பிழையைக் கண்டவர் ஒரு மாணவர் என்பதும், வகுப்புப் பயிற்சியே அவரை அங்கு இட்டுச் சென்றது என்பதும் நாம் நெஞ்சில் கொள்ளத்தக்கன.

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போனது. 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாத பழைய கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதே காரணம். இடம் போதாமல் விடுபட்டவை எண்கள் மட்டுமல்ல. அந்நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதப்பட்டது. மரபணுவியலில் மற்றொரு விந்தை நிகழ்ந்தது. ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ என ஒலிக்கும் மரபணுப் பெயர்களை விரிதாள் தேதிகளாக மாற்றி வந்தது. எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இத்தகைய பிழை கொண்டது என 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. முடிவில் 2020-இல் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது.

கணக்கிடும் முறையிலும் இடர் உண்டு. வர்க்கங்களின் கூடுதலிலிருந்து கூடுதலின் வர்க்கப் பங்கைக் கழிக்கும் குறுக்கு வழி நம் பாடநூல்களில் உள்ளது. கைக்கணக்குக்கு அது நன்று. 10,00,00,001, 10,00,00,002, 10,00,00,003 என்னும் மூன்று எண்களுக்கு அவ்வழியை விரிதாளில் அமைத்துப் பாருங்கள். மாறுபாட்டின் சரியான விடை 1. ஆனால் வர்க்கங்கள் 17 இலக்கங்களாக நீள, விரிதாளோ ஏறத்தாழ 15 இலக்கங்களையே துல்லியமாகத் தாங்கும். ஆதலால் சுழி என்று விடை வரக் காணலாம். 2003-க்கு முந்திய எக்செல் பதிப்புகளே இக்குறுக்கு வழியைப் பின்பற்றி அறிஞர்தம் கண்டனத்துக்கு உள்ளாயின. இதற்கு மருந்து என்ன? ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 10 கோடியைக் கழித்துவிட்டால் எஞ்சுவன 1, 2, 3. விடை பிழையின்றி வரும். இதுவே நாம் வகுப்பில் சொல்லித் தரும் ஊகச் சராசரி முறை! பழங்காலத்துக் குறுக்கு வழி என்று மாணவன் சலித்துக்கொண்ட பாடம், கணினிக் காலத்தில் புத்துயிர் பெறுவதை அவன் உணர்வான்.

மறுப்போர்க்கு ஒரு சொல்

‘விரிதாள் ஆராய்ச்சிக்கு உகந்த கருவியன்று, நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான ஆர் போன்ற மொழிகளைக் கற்பிக்கலாமே’ என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மை உண்டு. பெருந்தரவுகளைக் கையாளவும், செய்த பணியை வரிவரியாகப் பதிந்து பிறர் சரிபார்க்கத் தரவும் அத்தகைய மொழிகளே சிறந்தன. முதுகலையிலும் ஆய்விலும் அவை இடம்பெறட்டும். ஆனால் புள்ளியியலின் வாயிலில் நிற்கும் வணிகவியல் மாணவனுக்கு முதல் நாளிலேயே கட்டளை மொழியைக் கற்பித்தால், அவன் இரண்டு புதுமைகளுக்கு நடுவே இடர்ப்படுவான். விரிதாளில் எண்கள் கண்முன் கிடக்கின்றன. வாய்பாடு எந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்பது தெரிகிறது. நீச்சல் கற்பவன் முதலில் இறங்குவது குளத்தில், கடல் பின்னர்.

‘கணினி வந்தால் மாணவன் சிந்திக்க மாட்டான்’ என்பது மற்றொரு அச்சம். சிந்தனையின்மை கருவியால் வருவதன்று. நாம் கேட்கும் வினாவால் வருவது. மனப்பாடம் செய்த படிகளைக் கேட்கும் வினாத்தாளும் சிந்தனையைத் தூண்டுவதில்லை. பொத்தானை அழுத்தச் சொல்லும் செய்முறைத் தேர்வும் தூண்டுவதில்லை.

செய்யத்தக்கன

ஆகவே, பாடத்திட்டம் வகுப்போர்க்குச் சில பரிந்துரைகளை முன்வைக்கிறேன். புள்ளியியல் பாடத்தின் ஒரு பகுதி நேரத்தைக் கணினிக் கூடத்துக்கு மாற்றுதல் வேண்டும். ஒவ்வோர் அளவையையும் முதலில் ஐந்தாறு எண்களுக்குக் கையாலும், அடுத்துக் கட்டம் கட்டமாக வாய்பாட்டாலும், இறுதியில் ஆயத்தச் சார்பாலும் காணச் செய்து மூன்றும் ஒத்து வருகின்றனவா என்று பார்க்கச் செய்தல் வேண்டும். மூல எண்களை ஒரு தாளில் தொடாது வைத்து, கணக்கை மற்றொரு தாளில் செய்யும் ஒழுக்கத்தை முதல் நாளே பழக்குதல் வேண்டும். பிழை புதைத்த ஒரு விரிதாளைக் கொடுத்து, ‘இதில் உள்ள தவற்றைக் கண்டுபிடி’ என்று பயிற்சி தருதல் வேண்டும். ஹெர்ண்டன் செய்தது அதுவே அன்றோ!

எல்லாவற்றினும் முதன்மையானது தேர்வின் மாற்றம். ‘திட்ட விலக்கம் காண்க’ என்னும் வினாவோடு, ‘இரு வகுப்புகளின் சராசரியும் ஒன்றே, திட்ட விலக்கங்கள் வேறு, ஆசிரியர் எவ்வகுப்புக்கு எவ்வாறு கற்பிக்க வேண்டும்?’ என்னும் வினாவும் எழ வேண்டும். முன்னதற்கு விரிதாள் விடை சொல்லிவிடும். பின்னதற்கு மாணவன்தான் சொல்ல வேண்டும்.

கலைச்சொற்களில் ஒருமைப்பாடு காண்பது தமிழறிஞர் கடமை. ஒரே கருத்துக்கு ஒரு நூலில் மாறுபாடு என்றும் மற்றொன்றில் விலக்க வர்க்கச் சராசரி என்றும் வருமாயின், தமிழ்வழி பயிலும் மாணவன் இரண்டு பொருள்கள் என்றே மயங்குவான். புள்ளியியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து இச்சொற்களை உறுதி செய்தல் நலம்.

இன்றைய மாணவன் நாளை வங்கியில், மருத்துவமனையில், ஊராட்சி அலுவலகத்தில் விரிதாளின் முன் அமரப் போகிறவன். அங்கே அவன் ஒரு கட்டத்தில் இடும் எண், எங்கோ ஒருவரின் கடனை, மருந்தை, குடிநீரைத் தீர்மானிக்கும். அவ்வெண்ணை இடுமுன் ஒரு கணம் நின்று, ‘இது எங்கிருந்து வந்தது? எதை விட்டுவிட்டது?’ என்று கேட்கும் பழக்கத்தை அவனுக்குத் தருவதே புள்ளியியல் கல்வியின் பயன். அப்பழக்கத்தை ஊட்ட விரிதாள் துணை நிற்கும். ஊட்ட வேண்டியவர் ஆசிரியரே.